‘பாடு இல்லை’ என்று அச்சான இரண்டு சொல்

2023 ஜனவரி 18, புதன்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாள். காலை 4.50க்கு எழுந்தேன். இரண்டு டம்ளர் வெந்நீர். முந்தைய மூன்று நாளும் கும்மிடிப்பூண்டியில் மாமியார் வீட்டில் இருந்ததால் எழுதாமல் விட்டிருந்த நாட்குறிப்பை எழுதி முடித்தேன். மூன்று நாளுக்கும் சேர்த்துப் பதினொரு வரி. 5.40க்குக் குளியல். பழவேற்காடு வரை சைக்கிள், பதினாறு நிமிடம். 6.35 பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னேரியில் இறங்கி நான்கு இட்லி. 8.20க்கு ஆய்வகத்தைத் திறந்தேன்.

விடுமுறைக்குப் பிறகு எப்போதும் சில கணினிகள் எழுந்திருக்காது. அன்று மூன்று. இரண்டில் வயர் தளர்ந்திருந்தது. மூன்றாவதைப் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

நான் ஆசிரியன் இல்லை, ஆய்வக உதவியாளன். பத்தொன்பது ஆண்டுகளாக என் வேலையில் பெரும்பகுதி, திரையில் சிவப்பு எழுத்து வந்தவுடன் கை தூக்கும் மாணவருக்குப் பின்னால் போய் நின்று, அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று சொல்வது. ஊரில் மட்டும் எல்லோருக்கும் நான் வாத்தியார். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

அன்று முதலாண்டு மாணவி ஒருத்தி கை தூக்கினாள். மதிப்பெண்களின் சராசரி காணும் நிரல். மதிப்பெண் எதுவும் கொடுக்காமலே ஓட்டியிருந்தாள். கூட்டுத்தொகை பூஜ்யம், ஆட்களின் எண்ணிக்கையும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று நிரல் நின்றுவிட்டது.

“சார், நான் ஒண்ணுமே பண்ணல சார். அதுவா சொல்லுது.”

“அதுவா ஒண்ணும் சொல்லாதும்மா. இந்தக் கம்ப்யூட்டர் மொழியை எழுதின யாரோ ஒருத்தர், இப்படி ஆனா இப்படிச் சொல்லுன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார்.”

இதைப் பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்றும் வேறு எதையோ யோசித்துக்கொண்டே சொன்னேன்.

நிரலில் வரும் பிழையை மாணவர்களுக்கு இரண்டாகப் பிரித்துச் சொல்வேன். ஒன்று, எழுத்திலேயே உள்ள பிழை. ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருக்கும், ஒரு சொல் தப்பாக இருக்கும். கணினி படிக்கும்போதே கண்டுபிடித்துவிடும், ஓட்டவே ஓட்டாது. இன்னொன்று, எழுத்தெல்லாம் சரியாக இருந்து, ஓடத் தொடங்கிப் பாதி வழியில் வருவது. கேட்ட பெயர் பட்டியலில் இருக்காது. எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்திருக்கும். திறக்கச் சொன்ன கோப்பு அங்கே இருக்காது. இதை நான் ஓட்டப் பிழை என்று எழுதுவேன். முதல் வகை எழுதியவனின் கவனக்குறைவு. இரண்டாவது வகை பெரும்பாலும், உலகம் எழுதியவன் நினைத்தபடி இல்லாததால் வருவது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நானும் ஒரு சின்ன மொழி எழுதியிருந்தேன். கல்லூரிக்காக அல்ல, எங்கள் ஊரின் பாடு முறைக்காக.

எங்கள் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்துக்கு அருகில் வலை கட்ட நல்ல இடங்கள் சில உண்டு. கழிகளை நட்டு வலையைக் கட்டினால், நீர் கடலுக்கு இறங்கும்போது இறால் வந்து விழும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே கட்ட முடியாது. ஆகவே முறை வைத்திருக்கிறார்கள். மூன்று ஊர்கள், ஊருக்கு ஒரு நாள். எங்கள் ஊரின் நாள் மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். அந்த நாளில் நான்கு பேர் கட்டலாம். பாடு உள்ளவர்கள் முப்பத்தொரு பேர். எனவே ஒருவருக்கு ஒருமுறை வந்து போனால் மறுபடி வர இருபத்துநான்கு நாள் ஆகும். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அது மீனுக்கான முறை மட்டும் அல்ல. பெண் எடுக்கும் வீட்டில் “பாடு உண்டா?” என்று கேட்பார்கள். பாடு உள்ளவன் கூட்டத்தில் பேசலாம். இல்லாதவன் ஓரமாக நின்று கேட்கலாம்.

2019இல் ஊர்த் தலைவர் என்னிடம் வந்து, “வாத்தியாரே, கம்ப்யூட்டர்ல லிஸ்ட்டு போட்டுக் குடு, கையில எழுதுனா சண்டை வருது” என்றார். போட்டுக் கொடுத்தேன். ஆனால் கூட்டம் கூடும்போதெல்லாம் விதி மாறியது. சாவு விழுந்த வீட்டுக்கு முறையைத் தள்ளி வைப்பது, முகத்துவாரம் மண் மூடிய மாதத்தில் இடத்தைக் குறைப்பது, ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருவரோடு மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு முறையும் நான் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. அதனால் தலைவரே தமிழில் நான்கு வரி எழுதினால் புரிந்துகொள்ளும் ஒரு சிறு மொழியை எழுதினேன். அதில் மொத்தம் பதின்மூன்று சொற்கள்தான். ‘துக்கம் எனில் அடுத்த முறைக்குத் தள்ளு’ என்று எழுதினால் அப்படியே செய்யும். இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

விதியைப் புரிந்துகொள்ள வைப்பது அவ்வளவு கடினமாக இல்லை. ஓடும்போது ஏதாவது கிடைக்காமல் போனால் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் கடினம். அதற்கென்று நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கினேன். ஓட்டப் பிழையில் ஏழு வகை என்று பிரித்தேன். ஒவ்வொரு வகைக்கும் எதிரே மூன்று கேள்வி: நிற்பதா, தொடர்வதா? யாரிடம் சொல்வது? எந்தச் சொல்லில் சொல்வது?

தொடக்கத்தில் ஏழு வகைக்கும் ‘நிற்பது’ என்றுதான் எழுதியிருந்தேன். 2021 டிசம்பரில் ஒரு நாள் தலைவர் விடியற்காலையில் தன் போனில் ஓட்டியிருக்கிறார். யாரோ ஒருவரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நிரல் நின்றுவிட்டது. பட்டியல் வரவில்லை. ஊர் ஆட்கள் கரையில் நிற்க, தலைவர் என்னைப் போனில் பிடித்தார்.

“ஒருத்தன் பேரு சரியில்லைனா மீதி முப்பது பேரும் இன்னா பண்றது? கரையில உக்காந்து பல்லாங்குழி ஆடுறதா?”

அன்று மாலையே ‘பெயர் கிடைக்காத பிழை’க்கு எதிரே இருந்த ‘நிற்பது’ என்பதை அடித்து ‘தொடர்வது’ என்று மாற்றினேன். அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடும். ஐந்து நிமிட வேலை. நாட்குறிப்பில் அரை வரி இருக்கிறது.

சொல்லையும் அப்போதுதான் மாற்றினேன். முதலில் ‘பெயர் கிடைக்கவில்லை’ என்று இருந்தது. தேதிக் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. கட்டம் அகன்று பட்டியல் இரண்டாம் தாளுக்குப் போனது. தலைவர் ஒரே தாளில் வேண்டும் என்றார், சுவரில் ஒட்டுவதற்கு. குறுக்கிப் பார்த்தேன். ‘பாடு இல்லை’ சரியாக அடங்கியது. இந்தப் பெயருக்கு எதிரே பதிவில் பாடு எதுவும் கிடைக்கவில்லை என்பதன் சுருக்கம். நான் அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் அந்தச் சொல் எந்தத் தாளிலும் வரவில்லை. வராததால் மறந்தும் போனது.

அந்தப் புதன்கிழமை மாலை 5.10க்குப் பொன்னேரியில் பேருந்து ஏறினேன். கடைசி இருக்கைக்கு முன்னால் எங்கள் ஊர் அண்ணி ஒருவர் காலி அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்பவர். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது முட்டியில் வலி. தூர வலைக்குப் போவதை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இப்போது பாட்டு முறையும் கரையோரத்தில் நண்டுமாகத்தான் ஓட்டுகிறார்.

“உக்காருங்க வாத்தியாரே, எடம் கீது. நாங்களும் உக்காந்துதான கீறோம் இப்ப.”

அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்தேன்.

“இன்னா அண்ணி, அண்ணன் முட்டி எப்படி?”

“முட்டிக்கு இன்னா. நாளையிலேர்ந்து காட்டுப்பள்ளிப் பக்கம் மூட்டை தூக்கப் போறாரு. தூக்குனா சரியாப்பூடும்.”

“துறைமுக வேலைக்கா? போனா பாட்டை விட்டுடணும்னு கூட்டத்துல…”

“விடுறதுக்கு இருந்தாத்தான?” கூடையை ஒருமுறை தட்டினார். “நீங்க போட்ட லிஸ்ட்டுதானே. காணும் பொங்கலுக்கு ஊரே சுத்திப் பாக்கப் போச்சு, எங்களுக்குச் சுவத்தைப் பாக்குற மாதிரி பண்ணிட்டீங்க. நல்லா இருங்க.”

பட்டியலை நான் பார்க்கவில்லை. அதை ஓட்டுவதும் ஒட்டுவதும் தலைவர். செவ்வாய்க்கிழமை ஒட்டியிருக்கிறார். நான் அன்று கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் வலைக்கூடத்துச் சுவரில் அந்தத் தாள் இருந்தது. 6.25, வெளிச்சம் போகிற நேரம். போன் விளக்கில் படித்தேன். முதல் வரி, 19 வியாழன். இரண்டாம் வரி, 19 வியாழன். மூன்றாம் வரியில் அண்ணனின் பெயர், எதிரே ‘பாடு இல்லை’. நான்காம் வரி, 19 வியாழன். ஐந்தாம் வரியில் இருந்தவருக்கும் 19 வியாழன். அவர் முறைப்படி 22 ஞாயிறுக்கு வரவேண்டியவர். ஒரு பெயர் தாண்டப்பட்டதால் ஒரு படி மேலே ஏறியிருந்தார்.

தாளின் கீழே தலைவரின் கையெழுத்தும் ஊர் முத்திரையும் இருந்தன.

வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். காரணம் கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது. அண்ணனுக்கு இரண்டு பெயர். குடும்ப அட்டையில் இருப்பது ஒன்று. அதே பெயரில் எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் இருப்பதால் கரையில் அவரைக் கூப்பிடும் பெயர் வேறு. பதிவில் நான் ஏற்றியிருந்தது அட்டைப் பெயர். பெயர் வரிசையை வழக்கமாக நானே தட்டிக் கொடுப்பேன். இந்த முறை நான் ஊரில் இல்லாததால் தலைவரே தட்டியிருக்கிறார். கையெழுத்தும் முத்திரையும் போடும் மனிதர்தான், ஆனால் அவர் மனதில் அண்ணனுக்கு அட்டைப் பெயரே கிடையாது. கரைப் பெயரைத் தட்டியிருக்கிறார். நிரல் பதிவில் அந்தப் பெயரைத் தேடியது. கிடைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த இரண்டு சொல்லை எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனது.

எல்லாம் நான் எழுதியபடியே நடந்திருந்தது.

7.05க்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே அடுப்படியில் இருந்தார். கதவு திறந்திருந்ததால் பேச்சு அவருக்கும் கேட்கும்.

“அண்ணே, உங்க பாடு போகல. லிஸ்ட்டுல தப்பு.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “கார்த்திகை மாசம் பெரிய பையன் துறைமுகத்துல சேந்தான். கூட்டத்துல இன்னா இன்னா பேசுனாங்கனு நீயும்தான் கேட்ட. இப்ப சுவத்துல போட்டுட்டாங்க. நேர்ல சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல. சரி, ஊரு வேணாம்னுச்சு, நானும் வேணாம்னுட்டேன். நாளைக்கு ஆறேகாலுக்கு வேன் வருது.”

“ஊர் ஒண்ணும் சொல்லல அண்ணே. மிஷினுக்கு உங்க பேர் கிடைக்கல. அவ்வளவுதான்.”

“கெடைக்கலையா?” அடுப்படியிலிருந்து அண்ணி குரல். “ரேசன்ல கீது, ஆதார்ல கீது, கோயில் நோட்டீஸ்ல கீது. ஓட்டு கேக்க வர்றவன் பேரச் சொல்லிக் கட்டிப் புடிக்கிறான். உங்க மிஷினுக்கு மட்டும் கெடைக்கலையா? அது இன்னா வெளியூரா?”

அண்ணனுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“அப்ப அது பொய் சொல்லிச்சா?”

“பொய் இல்ல. தெரியலைனு சொல்ல வேண்டிய எடத்துல இல்லைனு சொல்லிடுச்சு.”

“யாரு சொல்லிக் குடுத்தது அப்படி?”

“நான்தான்.”

அவர் தைலப் புட்டியை மூடினார். பிறகு, “நீ சொன்னா போதாது வாத்தியாரே. கீழ கையெழுத்து தலைவரோடது. அவரு வாயால சொல்லட்டும். இல்லனா நான் வேன்ல ஏறுறேன்” என்றார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. நிலைமையை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். இப்போது தாளில் இருப்பது பொய். காலை ஆறேகாலுக்கு அவர் வேனில் ஏறினால் அது உண்மையாகிவிடும். துறைமுக வேலைக்குப் போகிறவருக்குப் பாடு கிடையாது என்பது கூட்டத்தின் விதி. அந்த விதியும் என் மொழியில் ஒரு வரியாக இருக்கிறது, பிழையில்லாமல்.

7.40க்குத் தலைவர் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளைப் பற்றிச் சொன்னதும் பாதியில் கை கழுவிவிட்டு வந்தார்.

“அது நீ போட்டதுனு நெனச்சேன்யா நானு.”

“நான் ஊர்லயே இல்ல தலைவரே.”

“அட அதில்ல. கமிட்டியில ரெண்டு பேரு உங்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லிட்டாங்கனு நெனச்சேன். பையன் விசயத்துல அவங்களுக்குத்தான் கோவம். எனக்குத் தெரியாம பண்ணிட்டாங்களேனு மனசுக்குள்ள திட்டிக்கினே முத்திரை வெச்சேன்.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டா சண்டை வரும்.”

அங்கேயே போன் போட்டார். கமிட்டியில் ஒருவர் எடுத்தார். ஒலிபெருக்கியில் வைத்ததால் எனக்கும் கேட்டது. “நீதான் எடுத்துட்டனு நாங்க நெனச்சோம் தலைவரே. நீ கையெழுத்து போட்டிருக்க, நாங்க இன்னா கேக்கறது?” என்றார் அவர்.

தாளை இரண்டு நாளில் ஊரே படித்திருக்கிறது. ஒவ்வொருவரும் இன்னொருவர் முடிவு செய்ததாக நினைத்திருக்கிறார்கள். யாரும் முடிவு செய்யவில்லை. கையால் எழுதிய தாளாக இருந்தால் எழுதியது யார் என்று கேட்டு அன்றே வழக்கு வந்திருக்கும். தலைவர் 2019இல் என்னிடம் கேட்டது சண்டை வராத பட்டியல். அதைத்தான் கொடுத்திருந்தேன்.

தலைவர் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் எடுக்கவில்லை. அண்ணி எடுத்தார். “பாடு அப்படியேதான் கீதும்மா, நாளைக்குக் கட்டச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு” என்றார் தலைவர். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “சரி சரி” என்று வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னொருத்தன் கீறான். நாளைக்கு அவன் எடம்னு தாள்ல கீது. ரெண்டு நாளா வலையைத் தைக்கிறான். ஞாயித்துக்கிழமை மச்சினிச்சி கல்யாணம் திருவொற்றியூர்ல. பாடு வியாழன்ல வந்துச்சேனு சந்தோசப்பட்டுக்கினு கீறான். இப்ப அது இல்லனு அவங்கிட்ட யாரு சொல்றது?”

“நீங்க சொன்னா…”

“நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? தப்பு உன் மிஷினு. அவன் இப்ப அக்கரையில கீறான், போன் எடுக்க மாட்டான். காலையில கழி ஏத்த வருவான். நீயே நின்னு சொல்லு. அவனுக்கு மட்டும் இல்ல, நாளைக்குக் கட்டுற நாலு பேருக்கும் சொல்லு. நீ சொன்னாத்தான் நாளைக்கு எவனும் தலைவரு காசு வாங்கிக்கினு மாத்திட்டாருனு பேச மாட்டான்.”

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று மாற்றம் செய்தேன். நோட்டில் அந்தப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

பெயர் கிடைக்காவிட்டால் மற்ற முப்பது பேரின் கணக்கும் நடக்கும். ஆனால் தாள் அச்சாகாது. கிடைக்காத பெயர் யாருடையது என்று ஓட்டுபவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அச்சாகும்.

பிழைச் செய்தி பட்டியலுக்குள் வராது. ஓட்டுபவரின் திரையில் மட்டும் வரும். முடிவைப் படிக்க வேண்டியவர்கள் ஊரார். பிழையைப் படிக்க வேண்டியவர் ஓட்டுபவர். இரண்டையும் ஒரே தாளில் கொட்டியது நான். இதைக் கல்லூரியில் முதல் பருவத்திலேயே சொல்லித் தருவோம்.

மூன்றாவது, சொல். இதற்குத்தான் நேரம் ஆனது. எட்டு வாக்கியம் எழுதி ஏழை அடித்தேன். மிஞ்சியது: ‘இந்தப் பெயரைப் பதிவில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இது ஊரின் முடிவு அல்ல. இவருக்கு வேறு பெயர் உண்டா?’ இப்போது நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை, கட்டம் கிடையாது. ‘என்னால்’ என்ற சொல்லை வைப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நிரல் தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லை எடுத்தால் வாக்கியம் யாருடையது என்று மறுபடியும் தெரியாமல் போகிறது. வைத்தேன்.

மனைவி பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். “கேள்வி கேக்குதே” என்றார். ஆமாம் என்றேன். 9.15க்குப் படுத்தேன்.

ஜனவரி 19, வியாழக்கிழமை. முதல் வேலையாக, பல் தேய்த்த கையோடு 5.30க்குப் படகுத் துறைக்குப் போனேன். தாளில் ஐந்தாம் வரியில் இருந்தவர் ஏற்கெனவே கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது, எனக்கு மச்சான் முறை.

“இன்னா மாமா, காலேஜுக்குப் படகுல போறியா?”

“இன்னிக்கு உன் பாடு இல்ல மச்சான்.”

சொன்ன பிறகுதான் அதே இரண்டு சொல்லை மறுபடி பயன்படுத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் கழியைக் கீழே வைத்தார். முகம் மாறியது. நான் அவசரமாக, முழுதாகச் சொன்னேன். “உன் பாடு ஞாயித்துக்கிழமை, அது அப்படியே இருக்கு. இன்னிக்கு எடம் மூணாவது வரி அண்ணனோடது. ஊர் எதையும் மாத்தல, தலைவரும் மாத்தல. பேர் கிடைக்கலைனா தாண்டிப் போற மாதிரி நான் எழுதி வெச்சிருந்தேன். தப்பு என்னோடது.”

“பிரிண்ட்டுல வந்துச்சே மாமா.”

“பிரிண்ட்டுல வந்ததும் நான் எழுதினதுதான்.”

“ரெண்டு நாளு வலை தச்சேன். ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல நான் இல்லனா மாமியா ஊட்டுல என்னைத் தச்சிடுவாங்க. அதுக்கு உன் மிஷின்ல வழி கீதா?”

“மாத்திக்கலாம்னு விதி இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கணும்.”

இந்தப் பேச்சின்போது அண்ணன் வந்து நின்றிருக்கிறார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. வேனில் வேலைக்குப் போகும் பேன்ட், சட்டை. தோளில் வலை இல்லை. படகில் ஏறுவதா வேனுக்குப் போவதா என்று முடிவு செய்யாமல் வந்தவர் போலத்தான் இருந்தது. மச்சான் அவரைப் பார்த்தார்.

“சித்தப்பா, உன் வலை எங்க?”

“ஊட்டுல.”

“ஊட்டுல வெச்சா இறாலு ஊட்டுக்கு வருமா? சரி, என் வலை ஏறிக்கிடக்குது. இன்னிக்கு உன் பாட்டுக்கு இதைக் கட்டு. நான் கூட வந்து கழி நடுறேன், உன் முட்டி தண்ணியில நிக்காது. ஞாயித்துக்கிழமை என் பாட்டுக்கு நீ நில்லு. நான் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுறேன். ஒத்துக்கிறியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். விதிப்படி சரிதானா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, சரிதான் என்றேன். அவர் பேன்ட்டை முட்டிக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகின் மறுபக்கத்தைப் பிடித்து ஏறினார். கொஞ்ச நேரத்தில் சாலையில் வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. வேன் போய்விட்டது.

தலைவர் சொன்னபடி, அன்று கட்டப்போகிற மற்ற மூன்று பேருக்கும் அங்கேயே நின்று ஒவ்வொருவராகச் சொன்னேன். ‘தப்பு என்னோடது’ என்பதை வாக்கியத்தின் முடிவில் வைக்காமல் முதலிலேயே வைத்துப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் குறுக்கே கேள்வி வருவதில்லை. கடைசியாக வந்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கு மட்டும் இரண்டு முறை சொன்னேன்.